வெந்நீர்த் தொட்டியின் குளிர்காற்று

காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் டெக்னீஷியனின் போன் அலறியது. பேசியவர், மூன்று நாள் முன்பு வெந்நீருக்கு அவள் ஹீட் பம்ப் பொருத்திக் கொடுத்த வீட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"என்னம்மா, என் தலையில மிளகாய் அரைச்சுட்டியா? ஹீட்டர் கேட்டா ஏசியை மாட்டிட்டுப் போயிருக்கே!"

அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை விரட்டினாள்.

அந்த வெயிலிலும் டிரைவர் மப்ளர் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவளை நேராக ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார். ஆள் உயர வெள்ளைத் தொட்டி. அதன் தலையில் ஒரு விசிறி. அதிலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று.

"தண்ணி சுடுதா சார்?"

"நல்லாவே சுடுது. அதுதானே எனக்குக் குழப்பம்!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அங்கிருந்த ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அவரைக் கை வைக்கச் சொன்னாள்.

"சூடா இருக்கா? உள்ளே இருக்கற சூட்டை வெளியே தள்ளுது. நம்ம மெஷின், ரூம் காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணிக்குக் கொடுக்குது; சூடு போன காத்துதான் ஜில்லுனு வெளியே வருது. புதுசா சூடு உண்டாக்கறதில்லை, இடம் மாத்துது. அதான் கரண்ட் ரொம்பக் கம்மி."

டிரைவரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஜாதியா? ஏத்தற இடத்துல ஏத்தி, இறக்கற இடத்துல இறக்குதா!"

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இந்தக் காத்து எப்பவும் வருமாம்மா?"

"தண்ணி சூடாகறப்பல்லாம் வரும்மா."

அவ்வளவுதான். க்ரீம் பூசும் மேசையை ஸ்டோர் ரூமை நோக்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். சமையலறை வெக்கையில் க்ரீம் ரோஜாக்கள் உருகி, அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"ஏய், அங்கே நான் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கலாம்னு இருந்தேன்!"

"இப்பத்தானே குளிருதுன்னு ஊரைக் கூட்டினீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். மேசை நிலைப்படியில் சிக்க, டெக்னீஷியனும் தோள் கொடுத்தாள். மேசை உள்ளே போனதும் அவளுக்குச் சூடாக டீயும் பெரிய கேக் துண்டும் கிடைத்தன.

"என் தங்கச்சி வீட்டுக்கும் ஒண்ணு மாட்டணும்மா," என்றார் டிரைவர். "ஆனா காத்து விஷயத்தை முதல்லயே சொல்லிடு. அவ என்னைவிடச் சத்தமாக் கத்துவா."