நெல்லறை வரை

சுமியாத்துன் வரப்பில் ஏறியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. இடுப்பில் இரண்டு கதிர்க்கட்டுகள்: அறுவடைச் சடங்கில் ஒன்று மாப்பிள்ளை, ஒன்று பெண். உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தியால் அவளே அறுத்து, கைக்குழந்தையைப் போல நீளத்துண்டில் தாங்கிக் கட்டியிருந்தாள். இனி நெல்லறையில் இறக்கி வைக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கதிரில் குடியேறிய நெல் தெய்வம் ஸ்ரீ அம்மா வயலுக்கே திரும்பிவிடுவாள்.

சடங்கு நடத்தும் கார்சிடி சாம்பிராணிச் சட்டியோடு முன்னால் போனார். பின்னால் நான்கு பெண்கள். பக்கத்து வரப்பில் கொழுந்தன் பர்ஜோனோ.

அண்ணன் நடவு மாதத்தில் இறந்துவிட்டான், பிள்ளையும் இல்லை, அதனால் நிலம் தனக்கு என்பது பர்ஜோனோவின் வழக்கு. நேற்று ஊர்க்கூட்டத்தில் அவனே சொன்னான்: "அவ ஸ்ரீ அம்மாவ ஒழுங்கா வீடு சேக்கட்டும். சேத்துட்டா இனிமே நான் கேக்கல." சுமியாத்துன் சரி என்றுவிட்டாள். அவளால் அரை நாழிகை பேசாமல் இருக்க முடியாது என்று ஊருக்கே தெரியும்.

"என்ன அண்ணி, சந்தையில சோயா தெம்பே விக்கிறப்ப நாலு ஊருக்குக் கேக்குமே. இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

பின்னால் ஒருத்தி சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுமியாத்துன் நடந்தாள்.

"பர்ஜோனோ, போதும்ப்பா," என்றார் கார்சிடி, திரும்பாமல்.

"நான் பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே அய்யா."

அவன் தன் வரப்பிலேயே எட்டிப்போட்டு நடந்து அவளை முந்தினான். அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத் திரும்பி, பின்னோக்கியே நடக்கத் தொடங்கினான். குரலைத் தாழ்த்தினான்.

"ஆஸ்பத்திரில அண்ணன் கடைசியா ஒண்ணு சொன்னான். நீ கடையைப் பாக்கப் போயிருந்தியே, அப்ப. உன்னப் பத்தித்தான்."

அவள் கால் தடுமாறியது. அந்த இரண்டு மணி நேரம் நாலு மாதமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"கேளு, சொல்றேன். ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

உதட்டைக் கடித்தாள். கண் மறைத்த நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், அவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த வயலின் குடிசையில் விளக்கு எரிவதைக் கண்டாள். அது எரிந்தால், எலிகளைக் கொல்ல இரவில் மின்சாரம் விடும் கம்பியில் இன்னும் கரண்டு ஓடுகிறது என்று அர்த்தம். விடிந்ததும் அணைக்க வேண்டியதை யாரோ மறந்திருந்தார்கள். சாண் உயரத்தில் ஓடிய அந்தக் கம்பிக்கும் பர்ஜோனோவின் ஈரக்காலுக்கும் இடையே இரண்டு அடிதான்.

கையை வீசினாள். அவன் இளித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தான்.

"நில்லு பர்ஜோனோ! பின்னால கரண்டு!"

அவன் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தான். கம்பியடியில் ஒரு எலி விறைத்துக் கிடந்தது. காலை முன்னால் ஊன்றியவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

ஒருத்தி குடிசைக்கு ஓடி மின்சாரத்தை அணைத்தாள். சுமியாத்துன் கட்டுகளை இறுக அணைத்தபடி நின்றாள். நிலம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி," என்றான் பர்ஜோனோ. "அவன் ஒண்ணும் சொல்லல. தூக்கத்துலயே போயிட்டான். நான்தான் சும்மா..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "இப்ப என்ன செய்யணும் அய்யா?" என்று கார்சிடியைக் கேட்டாள்.

"தெரியலம்மா. வழியில யாரும் பேசி நான் பாத்ததில்ல." சாம்பிராணியை ஊதினார். "ஸ்ரீ அம்மா வயலுக்குப் போயிருந்தா, திரும்ப அங்கதான் போய்க் கூப்பிடணும். வா."

திரும்பிப் போனார்கள். அவள் சேற்றில் இறங்கி, மறுபடி மண்டியிட்டு அழைத்து, புதிதாக இரண்டு பிடி அறுத்தாள். அவசரத்தில் கத்தி விரலைக் கீறிவிட்டது. அவள் வரப்பேறியபோது பர்ஜோனோ கையில் ஒரு காய்ந்த மூங்கிலோடு நின்றான். முன்னால் நடந்து, வரப்பின் இருபக்கமும் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.

நெல்லறை வரை யாரும் பேசவில்லை.

சடங்கு முடிந்து போட்ட விருந்துச் சோற்றுக்கு அவன் உட்காரவில்லை. அவன் மனைவிதான் வந்து வாழையிலைப் பொட்டலத்தை வாங்கிப் போனாள். அடுத்த நடவுக்குச் சுமியாத்துனே நாற்று விட்டாள். அவன் வந்து நிலத்தைக் கேட்கவில்லை.