விடிவதற்கு முன் பிறந்தவள்

பழவங்காடியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், இணையத்தில் வரன் தேடித் தரும் சின்னக் கம்பெனி. அதில் ஷிபாதான் புரோகிராமர். பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினால் நட்சத்திரம் சொல்லும் பக்கம் அவள் எழுதியது. மார்த்தாண்டத்துச் சர்ச் குடும்பத்துப் பெண்ணான அவளுக்கு நட்சத்திரம் என்பது வெறும் இருபத்தேழு பெயர்கள்.

2001-ல் ஒருநாள், கரமனை அக்ரஹாரத்துச் சிவகாமியம்மாள் மகள் வடிவாம்பாளையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"மகத்துல பொறந்தவளை ஆயில்யம்னு போட்டிருக்கே உங்க கம்ப்யூட்டர்! மாமியாருக்கு ஆகாதுன்னு நாகர்கோவில்காரா வேண்டாம்னு பறஞ்சுட்டா. பேசி முடிச்ச இடமாக்கும்!"

ஷிபாவுக்குச் சுருக்கென்றது. படிவத்தை எடுத்தாள். மாமியே சொல்லி எழுதியது: 15-02-1976, காலை 4.40. மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க வழக்கப்படி புரோகிராம் படித்துவிட்டதோ? பதினைந்தாம் மாதத்துக்கு எங்கே போவது! உலகப் பொது நேரத்துக்கு மாற்ற நம்முடைய ஐந்தரை மணி நேரம் கழிந்ததா என்று பார்த்தாள். கழிந்திருந்தது. கணக்கு சுத்தமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

"மாமி, ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் உண்டுமா?"

மாமி பையைக் குடைந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல பதினாறுன்னுல்லா இருக்கு?"

"அவா தப்பா எழுதிட்டா. ஞாயித்துக்கிழமை ராத்திரி வலி எடுத்து, விடியறதுக்குள்ள பொறந்துட்டா. அப்போ ஞாயிறு, பதினஞ்சுதானே?"

"நாலு நாப்பதுன்னா திங்களாச்சே மாமி?"

"சூரியன் உதிக்காம எப்படிடீ திங்களாகும்?"

ஷிபாவின் கை நின்றது. "எங்க சர்ச்சுல ராத்திரி பன்னிரண்டு அடிச்ச உடனே புதுவருசம் பொறந்தாச்சுன்னு கை குடுப்போம்."

"கும்மிருட்டுலயா!" மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஷிபாவுக்கும் சிரிப்பு வந்தது. வியப்பாகவும் இருந்தது. ஒரே பிள்ளை, ஒரே நிமிஷம், தேதி மட்டும் இரண்டு. மாமியும் பொய் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியும் பொய் சொல்லவில்லை. பதினாறு என்று தட்டினாள். மகம் வந்து நின்றது. படிவத்தில் 'விடிவதற்கு முன் பிறந்தவரா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தாள். தவறு இன்னதென்று விளக்கி நாகர்கோவிலுக்கும் கடிதம் போனது.

மறுவாரம் தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். மாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "மகம்னா சம்மதமாம்! பிள்ளையோட அம்மாவே போன் பண்ணினா."

அதுவரை வாயே திறக்காத வடிவாம்பாள் ஷிபாவின் மேசையருகே வந்தாள். "வரன் தேட என் பேரை மறுபடியும் போடு ஷிபா. எனக்கு அவா வேண்டாம்."

"என்னடீ உளர்றே?"

"ஒருநாள் முன்னாடி பொறந்தா ஆகாதவ, ஒருநாள் தள்ளிப் பொறந்தா ஆகிறவளாம்மா? ரெண்டு தேதியிலயும் நான்தானே இருந்தேன்!"

ஷிபா மெதுவாகக் கேட்டாள்: "நட்சத்திரம் என்ன போட?"

"ஒண்ணும் போடாதே."

"காலியா விட்டா புரோகிராம் எடுத்துக்காதே அக்கா."

"எழுதினது நீதானே?"

ஷிபா நாற்காலியை இழுத்துப் போட்டு, நட்சத்திரம் இருந்தே ஆகவேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தைப் புரோகிராமிலிருந்து எடுக்க உட்கார்ந்தாள்.