புருலின் காட்டுச்சேவலை நான் தூக்கிக் கொடுத்த கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் புருல், பதினான்கு வயது, நாலு நாளாக என்னோடு பேசவில்லை. அவ்வளவுதான். வேறு மேலான காரணம் எதுவும் கிடையாது.

இருபது வருடமாக மாவட்டப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் நான். ஒரு மனிதரை எதிரில் நின்று கேட்கத் துப்பில்லாமல், காகிதத்தில் கேட்க உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனிதர் தோக்தோசுன். என் தங்கை குல்சினாவின் கணவருக்கு அண்ணன், எனக்குச் சம்பந்தி முறை. தங்கையின் கணவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. புருலுக்கு இந்தத் தோக்தோசுன் பெரியப்பா. பெரியப்பா என்று எழுதும்போதே வயிறு எரிகிறது.

எழுதிய தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து வீடுதானே, புருல் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்துவிட்டு, பென்சிலால் ஓரத்தில் கிறுக்கிவிட்டுப் போவாள். பேச்சு கிடையாது, திருத்தம் மட்டும் உண்டு.

2

தொடக்கம் ஒன்று: 'சூ ஆற்று நாணல்களின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்த அந்த விடியற்காலையில், ஒரு மாமனும் மருமகளும்…'

அடித்துவிட்டேன். அன்றைக்கு மூட்டமே இல்லை, வெயில் பளிச்சென்று அடித்தது. எழுத்தாளனுக்குக் கை நடுங்கினால் உடனே மூட்டத்தை இறக்கிவிடுவான்.

தொடக்கம் இரண்டு. புருலின் அப்பாவுக்கு வருடச் சடங்குச் சாப்பாடு. குதிரை இறைச்சித் தட்டு சுற்றி வருகிறது. சுவரில் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி தொங்குகிறது. தோக்தோசுன் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறார்.

"இது இங்க தொங்கி என்ன பண்ணப்போவுது? பொட்டப்புள்ள வீடு. எம் பையன் கிட்ட இருந்தா அது வேலை செய்யும்."

"அப்பா எனக்குத்தான் கத்துக் குடுத்தாரு," என்றாள் புருல், தேநீர் ஊற்றிக்கொண்டே.

"டப்பாவச் சுடக் கத்துக் குடுத்தாரு. பறவை டப்பா மாதிரி உக்காந்திருக்குமா தாயி?" எல்லோரும் சிரித்தார்கள். (நானும். இதை மறைக்கப் பார்த்தேன். ஓரத்தில் பென்சில்: 'நீங்களும் சிரிச்சீங்க.')

"சரி, ஒரு பேச்சு," என்றார். "முதமுதல்ல வேட்டைக்குப் போற அன்னிக்கே ஒரு காட்டுச்சேவல் அடிச்சு இந்த வீட்டுக்குக் கொண்டுவா. துப்பாக்கி உனக்கு. வெறுங்கையோட வந்தா என் பையனுக்கு. பெரியவங்க எல்லாரும் சாட்சி."

பெரியவர்கள் தாடியைத் தடவி ஆமென்றார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதைதான். தம்பியின் குதிரையை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டு போனவர், இப்போது துப்பாக்கிக்கு வந்திருக்கிறார்.

3

வேட்டையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நாணல், நாய், வெளிச்சம், என் மூட்டுவலி. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன், நடந்தது இத்தனைதான்.

"மாமா, மூச்ச மெதுவா விடுங்க. மாடு மேய வந்த மாதிரி இருக்கு."

"வாய மூடிக்கிட்டு நாயப் பாருடி."

நாய் நின்றது. காலடியிலிருந்து ஒன்று சடசடவென்று கிளம்பியது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது, அப்படியே இறங்கியது.

"ஏன்டி சுடல?"

"பெட்டை. பெட்டையச் சுடக் கூடாதுன்னு நீங்கதான கழுத்தறுப்பீங்க."

எனக்கு அது பெட்டை என்றே தெரியவில்லை. நான் சுட்டிருப்பேன். முப்பது வருட வேட்டைக்காரன் நான்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டாவது கிளம்பியது. நீண்ட வால், கழுத்தில் வெள்ளை வளையம். ஒரே வெடி. நாணலுக்குள் விழுந்தது. நாய் தண்ணீரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, புருல்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தாள். அப்போது அவள் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்…

(பென்சில்: 'அழல. பூட்ஸுக்குள்ள தண்ணி போயிடுச்சு. அதத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.')

சரி, அழவில்லை. சேவலை இடுப்புவாரில் கட்டிக்கொண்டாள். "அப்பாவா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டாள். "வாலக் கசக்காம கட்டுடின்னு சொல்லியிருப்பாரு" என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

4

இங்கேதான் எனக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்தது.

கால்வாய்ப் பாலம் தாண்டினால் ஊர். பாலத்தில் தோக்தோசுனின் கார். கண்ணாடி இறங்கியது.

"ஷிரால்கா, சம்பந்தி."

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்த்து யார் 'ஷிரால்கா' என்றாலும் பங்கு கொடுத்தாக வேண்டும். வழிப்போக்கனும் கேட்கலாம், பகையாளியும் கேட்கலாம். கொடுக்காதவனுக்கு அடுத்த வேட்டை வாய்க்காது.*

என் கை தானாகப் போனது. புருலின் இடுப்பில் முடிச்சை அவிழ்த்தேன்.

"மாமா," என்றாள் மெதுவாக.

"கேட்டுட்டாரும்மா. கேட்டா குடுக்கணும்."

தோக்தோசுன் சேவலைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். "நல்ல கை உங்களுக்கு, சம்பந்தி. தாராளமான கை." வண்டி போய்விட்டது.

மறுநாள் ஆள் அனுப்பினார். 'சேவல் அந்த வீட்டுக்கு வரலையே. வந்தது என் வீட்டுக்கு. யாரு சுட்டதுன்னு ஷிரால்காக்காரன் கேக்க மாட்டான். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பெரியவங்களோட வந்து துப்பாக்கிய எடுத்துக்குறேன்.' எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள். முன்னோர் பசித்தவனுக்காக வைத்த வழக்கத்தை, வயிறு முட்டத் தின்ற மனிதன் ஒரு குழந்தையை ஏமாற்ற எடுத்திருக்கிறான்.

———
* பங்கு என்றால் ஒரு கால், அல்லது நெஞ்சு. முழுப் பறவை என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. பாலத்திலேயே அறுத்து ஒரு காலைக் கொடுத்திருந்தால் வழக்கமும் நிற்கும், மிச்சம் வீடும் வந்து சேரும். சம்பந்திக்குக் காலை நீட்டுவதா என்று நினைத்தேன். என் மானமரியாதைக்கு அவள் சேவலைக் கொடுத்தேன்.

5

முடிவுகள்.

அ) மாமன் "தர முடியாது" என்கிறான். சம்பந்தி தலைகுனிகிறார். (பொய். இப்படி ஒரு மாமனை எனக்குத் தெரியாது.)

ஆ) பெரியவர்கள் தாங்களாகவே அநியாயத்தை உணர்ந்து… (உணர மாட்டார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள்?)

இ) புருல் பெருந்தன்மையாக "பரவால்ல மாமா" என்று… (பென்சில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி: 'பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன்.')

ஈ) தோக்தோசுன் தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் வந்தார், அவருக்கும் ஒரு மனசு இருக்கிறது, பாத்திரத்தைக் கறுப்பாக மட்டும் வரையக் கூடாது என்று…

இந்த நான்காவதற்குப் பக்கத்தில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'கார் கதவுக்குக் கீழ சூரியகாந்தி விதைத் தோல் குவிஞ்சு கிடந்துச்சு. நீங்க பாத்தீங்க. நீங்க பாத்தத நான் பாத்தேன்.'

6

பார்த்தேன்.

இரண்டு பை விதை தின்றால்தான் அவ்வளவு தோல் விழும். காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து கொறித்துக்கொண்டு, எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். எதிர்ப்பட்டவனுக்குத்தான் ஷிரால்கா, மறித்து உட்கார்ந்தவனுக்கு இல்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் அவிழ்த்தேன். தங்கை அந்தக் குடும்பத்தில் வாழ வேண்டுமே என்று நினைத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. 'தாராளமான கை' என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. மீதிப் பாதி அதுதான்.

எட்டுப் பக்கமாகத் தோக்தோசுனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வேண்டியதுதான், ஒரு வரியையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எட்டுப் பக்கத்திலும் அந்தத் தோலை நான் எழுதவில்லை.

7

இன்று சனிக்கிழமை. கால்மணி நேரம் முன்பு குல்சினா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, அவங்க வந்துட்டாங்க. பெரியவங்களுக்கு ரொட்டி வெச்சிருக்கேன். நீ வர்றியா இல்லியா?"

"இதோ, ஒரு வரி," என்றேன்.

ஒரு வரி இல்லை, இந்தப் பகுதி முழுவதையும் எழுதிவிட்டேன். பெரியவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். அவர் காத்திருந்தார். நான் பார்த்தேன். தெரிந்தே கொடுத்தேன். சொன்னால் சம்பந்தி உறவு இன்றோடு போகும், தங்கை பாடு என்னவாகும் என்று தெரியாது, ஊரில் என்னைத் தாராளக் கைக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லாமலிருக்கத்தான் இத்தனை பக்கம் என்பது உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும்.

இப்போது புருல் உள்ளே வந்தாள். பென்சிலைத் தேடினாள், கிடைக்கவில்லை. மேசையைப் பார்த்தாள், நான் எழுதிக்கொண்டிருப்பதைத் தலைகீழாகவே படித்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"முடிவ எழுதாதீங்க மாமா. வாங்க."

வாசலில் நிற்கிறாள். நான் பேனாவை வைக்கிறேன். சொன்னேனா, அல்லது அங்கே போயும் ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டு வந்தேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எழுதுகிறவன், அழகாக ஏதாவது சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.