எங்கள் வீட்டுக் கொரியன் புல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. "அன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்கப்பா, போதும்" என்றாள் என் மகள் பிரகதீஸ்வரி. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பஞ்சநதம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை, அன்றைக்கு எங்கள் வயலில் நடவு. சலூனில் கிடக்கும் வாரப் பத்திரிகைகளில் நிறையக் கதை படித்திருக்கிறேன். பாதி படிக்கும்போது நம் முறை வந்துவிடும். ஆகையால் கதைகளை எப்படித் தொடங்குவார்கள் என்று தெரியும், எப்படி முடிப்பார்கள் என்று தெரியாது. கதை எழுதுகிறவர்களை நம்புகிற பழக்கமும் எனக்கு இல்லை. இப்போது நானே எழுதுவதால் என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டே படியுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"வைகாசி மாதத்து இளங்காலைப் பொழுதில், காவிரித் தாய் பச்சைப் பட்டு உடுத்தி—"

நிறுத்திவிட்டேன். வைகாசியில் காவிரியில் மணல்தான் கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவது தொடக்கம்:

"சதீஷுக்கு முப்பத்து நான்கு வயது."

இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி தர்மாம்பாள் முப்பத்திரண்டு என்று மாற்றச் சொன்னாள். தரகரிடம் சொன்ன வயது அதுதான்.

மூன்றாவது தொடக்கம்:

"என் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை."

இது இருக்கட்டும். இதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பையன் பி.காம். படித்தவன். குடிக்க மாட்டான். பார்க்கவும் என்னைப் போல இல்லை, அவன் அம்மாவைப் போல இருப்பான். பெண் வீட்டார் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவார்கள். கடைசியில் பையன் என்ன பண்றார் என்பார்கள். விவசாயம் என்போம். காபி பாதி தம்ளரில் இருக்கும்போதே எழுந்து போனவர்கள் உண்டு. அந்தக் காபியில் குற்றம் இல்லை. நானும் குடித்தேன்.

3

பிரகதீஸ்வரி சென்னையில் இருக்கிறாள். பிள்ளைகளின் லீவுக்கு வந்தவள், தம்பிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். நெல் வாங்க வருகிற வியாபாரி மூட்டையில் கையை விட்டுப் பார்க்கிற பார்வை.

"நானே விவசாயி வேண்டாம்னுதானேப்பா சொன்னேன். அந்தப் பொண்ணு மட்டும் வேற மாதிரியா நினைக்கும்? வர்றவங்களுக்கு இது விவசாயி வீடுன்னே தோணக் கூடாது" என்றாள்.

(இந்த இடத்தில் அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறவள். அவளைக் கெட்டவளாக்க வேண்டுமானால் நான் பொய் சொல்ல வேண்டும், அதற்குக் கதை இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.)

அவள் போனில் ஒரு பெண்மணி வருவாள். எளிய முறையில் வீட்டை அழகாக்கலாம், வாங்க என்று கூப்பிடுவாள். அந்த அம்மாள் சொன்னபடியெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது. மருந்தடிக்கும் டேங்க், தார்ப்பாய், உரச்சாக்கு எல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. மாடு இப்போது இல்லை, ஆகையால் அதன் அபிப்பிராயம் தெரியவில்லை. டிராக்டரின் பழைய டயர்கள் மஞ்சளும் ரோஸுமாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டு, அவற்றில் செடி ஏறியது. தலையிலிருந்து தண்ணீர் வழிகிற ஒரு புத்தர் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

கூடத்துச் சுவரைச் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா காலத்தில் செங்கல் வைத்துக் கட்டிய சுவர். செங்கல் தெரியக் கூடாது என்று சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் தெரியக் கூடாது என்று சுண்ணாம்பு அடித்தார்கள். பிரகதீஸ்வரி அதன் மேல் செங்கல் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினாள். ரொம்ப நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையான செங்கல் இவ்வளவு செங்கலாக இருக்காது.

தரகரிடம் பேசி, மாப்பிள்ளைக்கு அக்ரி பிசினஸ்* என்று சொல்லச் சொன்னதும் அவள்தான். சதீஷ் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான். கதைக்கு இப்படி ஒரு ஆள் இருந்தால் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்.

* அப்படியென்றால் என்ன என்று தரகரையே கேட்டேன். விவசாயம்தான், ஆனால் செருப்பில் சேறு இருக்காது என்றார்.

4

இனிமேல்தான் புல்.

வாசலுக்கு முன்னால் பள்ளமாகக் கிடந்த இடத்தைத் தூர்த்து, கொரியன் புல் வைக்க வேண்டும் என்றாள். மண் கேட்டாள். சதீஷ் டிராக்டரில் எங்கள் வயலில் இருந்தே மண் அடித்துக் கொட்டினான். அறுவடை மிஷின் வளைந்து திரும்புகிற மூலையில் எடுத்த மண். மிஷின் திரும்பும்போது நெல் சிந்தும். வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

நர்சரியில் வாங்கிய புல்லைக் கொத்துக் கொத்தாக ஊன்றினாள். காலையும் மாலையும் தண்ணீர் விட்டாள். ஒரு வாரத்தில் கொத்துக்கு நடுவே இருந்த வெறும் மண்ணெல்லாம் பச்சை கட்டிவிட்டது. பிரகதீஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். கொரியாவிலேயே இப்படி வளராது என்று அவள் சிநேகிதி பதில் போட்டாளாம்.

ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலுக்குப் போன பெண். நாற்றங்காலில் அவளுக்கு வேலையே வைத்ததில்லை. அவளுக்குப் புல்லும் நெல்லும் முளைக்கும்போது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தது. சதீஷுக்கும் தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் யாரும் பார்க்காமல் அவன் கை நிறைய யூரியா எடுத்து அதில் வீசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளுத்துப் போச்சுப்பா" என்றான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் என்னைக் கேட்கவில்லை. அதோடு, அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆயிற்று. அதோடு, எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. இந்த மூன்றில் எது நிஜமான காரணம் என்று

(வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

5

இதுவரை எழுதியதை தர்மாம்பாளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே மொச்சை உரித்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"ஏங்க, இதுல நான் எங்க இருக்கேன்?"

வயசை மாற்றச் சொன்ன இடத்தில் இருக்கிறாயே என்றேன்.

"அது ஒரு ஆளா? அது நெல்லுன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மொதல் நாளு பூ பறிக்கப் போனவ பாத்துட்டேன். அதை எழுதுங்க."

அப்படியானால் நீ ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மொச்சையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இதில் ஒரு எழுத்தும் என் சரக்கு இல்லை.

6

வந்தவர்கள் மூன்று பேர். அப்பா கலியபெருமாள், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா. மூன்றாவதாகக் காரிலிருந்து இறங்கியது பெண்ணே. குந்தவை, தஞ்சாவூரில் கணக்கு டீச்சர். வீடு பார்க்கப் பெரியவர்கள் மட்டும்தான் வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரகதீஸ்வரி முகத்தில் ஆச்சரியம் தெரிந்திருக்கும்போல.

"நான்தானே இருக்கப் போறேன். நான் பாக்க வேண்டாமா?" என்றது அந்தப் பெண்.

இந்த வரியைக் கேட்டதுமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

செங்கல் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், தடவினார்கள். சமையலறை, கக்கூஸ் எல்லாம் பார்த்தார்கள். மாட்டுக் கொட்டகையைக் கேட்டார்கள், சாவி இல்லை என்று பிரகதீஸ்வரி சொன்னாள். கொட்டகைக்குக் கதவே கிடையாது. நல்லவேளை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வாசலில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். அன்று காலையில்தான் கத்தரிக்கோலால் பச்சையை ஒரே சீராக வெட்டிவிட்டிருந்தாள். குந்தவை எழுந்து போய் அதன் நடுவில் நின்று புத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, இந்தப் புல் நல்லா இருக்கே, எங்க வீட்டு மாடியிலும் வைக்கலாம் என்றார். நர்சரி பெயரை பிரகதீஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். விரலுக்கு நடுவே வைத்து உருட்டினார். அந்த உருட்டலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளுக்குத் தெரியும்.

"தம்பி, இது என்ன புல்லு?"

மகளிடம் கேட்கவில்லை, கவனியுங்கள். சதீஷிடம் கேட்டார். கொரியன் என்று பிரகதீஸ்வரி பாதி சொல்வதற்குள் சதீஷ் சொல்லிவிட்டான்.

"நெல்லுங்க."

புத்தர் மட்டும் கொளகொளவென்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"போன சம்பாவுல நான் போட்டது. மிஷின் சிந்தினது, மண்ணோட வந்துடுச்சு. அக்கா புல்லுன்னு நெனச்சுட்டாங்க."

"நீங்க போட்டதுன்னா?" என்றார் கலியபெருமாள்.

"நான்தாங்க பயிர் வைக்கிறேன். பிசினஸெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

நடுவில் நின்றிருந்த குந்தவை காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, பச்சையை விட்டு வெளியே வந்து, ஓரத்தில் பிரகதீஸ்வரி பரப்பியிருந்த கூழாங்கல் மேல் நின்றுகொண்டாள்.

இந்த இடத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். பயிரை மிதிக்கிறோமே என்று விலகினாளா? சேற்றில் நிற்கிறோமே என்று விலகினாளா? அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக் கதையாக இருந்தால் முகத்தைப் பார்த்தேன் என்று எழுதிவிடலாம்.

"எங்களுக்கும் பூதலூர் பக்கம் நிலம் இருந்துச்சு" என்றார் கலியபெருமாள். "வித்துட்டேன். அதுக்கப்புறம்தான் நிம்மதியாத் தூங்குறேன்."

போன் பண்றோம் என்று அந்த அம்மா சொன்னார். கார் போய்விட்டது.

உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியுமா என்று பிரகதீஸ்வரி கேட்டாள். தர்மாம்பாள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சதீஷ் புத்தரை நிறுத்தப் போனான். நான்தான் மாட்டிக்கொண்டேன். மஞ்சள் டயர் மேல் உட்கார்ந்து அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் ஏம்ப்பா சொன்னான்? ஒரே ஒரு நாள், புல்லுன்னு சொல்லியிருந்தா என்ன?"

ஒரு பெண் வாசல்வரை வந்து நிற்கும்போது, முளைத்துக் கிடக்கிற நெல்லை இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முட்டாள்தனமா இல்லையா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் ஒன்று.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கலியபெருமாள் பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வருகிறார். கண் கலங்க, "நெல்லை மறைக்காத பையனுக்குத்தான் என் பொண்ணு" என்று சதீஷைக் கட்டிப் பிடித்து—

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிலத்தை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனுஷன் காரைத் திருப்ப மாட்டார். திருப்பினால் குடையை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டு: போன் வருகிறது. ஜாதகம் பொருந்தவில்லை என்கிறார்கள். ஜாதகம் பார்த்துப் பொருந்திய பிறகுதான் வீடே பார்க்க வந்தார்கள். புல்லுக்கு முன்னால் பொருந்திய ஜாதகம் புல்லுக்குப் பின்னால் பொருந்தாமல் போகும். இந்த முடிவை நான் கற்பனை பண்ணவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே உபயோகித்த முடிவு.

மூன்று: இரண்டு நாளாக சதீஷ் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறான். அன்றைக்குக் கிளம்பும்போது குந்தவை அவனிடம் ஏதோ கேட்டு, அவன் ஏதோ சொன்னதை தர்மாம்பாள் பார்த்தாளாம். போன் நம்பர் என்கிறாள் அவள். எனக்கு நம்பிக்கை இல்லை. மேட்டூரில் நீர்மட்டம் ஏறினாலும் அவன் இப்படித்தான் சிரிப்பான்.

போனை வாங்கிப் பார்க்கலாம். பார்க்கவில்லை. நீர்மட்டமாக இருந்தால் என்ன செய்வது?

8

போன் இன்னும் வரவில்லை. பச்சை முழங்காலை எட்டப் போகிறது. கத்தரிக்கோல் எடுப்பதை பிரகதீஸ்வரி விட்டுவிட்டாள். பறித்து வயலில் நட்டுவிடலாமா என்று சதீஷ் அவளிடமே போய்க் கேட்டான், போன் வரட்டும்டா என்றாள்.

இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்ததற்கு நன்றி. ஆனால் உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை. உழவன் படத்தைப் போட்டு, கும்பிடுகிற கையையும் போட்டுக் காலையில் ஊருக்கெல்லாம் போனில் அனுப்புகிற ஆளாக இருப்பீர்கள். எனக்கும் வருகிறது. நான் அதையெல்லாம் தின்று பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறதா? தங்கையோ, அண்ணன் மகளோ? என் மகனுக்குக் கொடுப்பீர்களா?

கொடுப்பேன் என்றால் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில்தான் இருப்போம். கொட்டகையையும் மறைக்காமல் காட்டுகிறோம். மாட்டேன் என்றால் கதையின் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஜாதகத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.