பெரியப்பாவின் இடது கை

எங்கள் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பொம்மை வாங்குவதற்கான கோப்பு மூன்று வருடமாக மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது. பொம்மை வருவதற்குள் நாங்களே ஓய்வு பெற்றுவிடுவோம் என்று தோன்றியதால், நானும், வகுப்பில் தூங்கி வழிந்தே கொட்டாவி என்று பெயர் வாங்கிய என் அறைத்தோழனும் சொந்தமாக ஒரு கை செய்தோம். உள்ளே பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் என் தலையணைப் பஞ்சு, தோலுக்குச் சைக்கிள் ட்யூப், நரம்புக்குப் பழைய டிரிப் ட்யூப், ரத்தத்துக்குச் சிவப்பு மை. எதற்கும் மசியாமல் விறைப்பாகக் கிடந்ததால் பெரியப்பா என்று பெயர் வைத்தோம். இடது கை மட்டும்தான். மீதிப் பெரியப்பாவுக்குப் பஞ்சு போதவில்லை.

ரத்தம் எடுக்கும் செய்முறைத் தேர்வில் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊசியும் கையுமாகப் பாய்ந்தேனாம். மறுதேர்விலும் கோட்டை விட்டால் ஒரு வருடம் பின்தங்கி, கொட்டாவியை ‘சீனியர்’ என்று கூப்பிட வேண்டும். அதற்கு ஊரை விட்டே ஓடிவிடலாம்.

அதனால் தினமும் மதியம் கையை மேசைமேல் கிடத்துவேன்; கொட்டாவி மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு பெரியப்பாவுக்குக் குரல் கொடுத்தான்.

"பெரியப்பா, ஊசி போடப்போறேன். லேசா வலிக்கும்."

"லேசான்னு யாருடா சொன்னது? நீ குத்திக்கிட்டுப் பார்த்தியா?"

"விரலை இறுக்கி மடக்குங்க."

"விரல் எங்கடா வெச்சே, கஞ்சப்பயலே?"

மூன்றாவது குத்தில் மை அவன் முகத்தில் சொட்டும். "நான் என்ன சல்லடையா?" என்பான். தரையைப் பார்த்த விடுதிக் காப்பாளர் ஒருநாள் போலீசுக்கே போன் செய்யப் போனார்.

மறுதேர்வு நாளில் கட்டிலில் ஒரு தையல்காரர் படுத்திருந்தார். நிஜக் கை, ஐந்து விரலும் இருந்தன. பட்டை கட்டி, பஞ்சால் துடைத்து, "லேசா வலிக்கும்" என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடி வாயே திறக்கவில்லை. பதில் வராமல் என் கை நகரவில்லை. பழக்கதோஷம், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

"கீழே என்னப்பா தேடுறே?" என்றார் பேராசிரியை.

"பெரியப்பாவை, மேடம்."

தையல்காரர் மெல்லத் திரும்பினார். "ஆள் மேல இருக்கேன், தம்பி. எனக்குத் தினம் நாலு தடவை ஊசி குத்துது. லேசுன்னு என்கிட்டயே கதை விடுறியா?"

அந்த அதட்டல் போதுமானதாக இருந்தது. "சரி, நல்லாவே வலிக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறிவிட்டது. ஒரே குத்து.

இப்போது கல்லூரிக்குப் பொம்மை வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மரியாதையாக ‘ஆ’ என்கிறது, திட்டத் தெரியாது. கொட்டாவி வேறு ஊரில், பொருத்தமாக, மயக்க மருந்து படிக்கிறான். இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்ட நான், பொம்மை இருக்கும் பயிற்சி அறைக்குள் போனால் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.