குதிரைக்காரர் மோதிரம்

தொள்ளாயிரத்து நாற்பது டாலர். மகாதேவன் சாருக்கு நான் தரவேண்டிய பாக்கி. சான்டா கிளாராவில் இருக்கிற தன் ஹோட்டலுக்கு என்னைச் சமையலுக்குக் கூட்டிவர வக்கீலுக்கும் டிக்கெட்டுக்கும் அவர் போட்ட பணத்தில் மிச்சம். கைமோதிரத்தை விற்றிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். விற்க மனசு வரவில்லை. செத்துப்போன என் சம்சாரம் வசந்தாமணியின் தோட்டை அழித்துச் செய்தது. அவளுடையது என்று இங்கே என்னிடம் வேறொன்றும் இல்லை.

போன மாசம் சார் மகள் தீக்ஷாவின் பள்ளிக்கூடத்தில் ரோமாபுரி நாள். முந்தின சாயங்காலம் நான் பரோட்டா மாவு பிசைகிற மேடைக்கு எதிரே குழந்தை உட்கார்ந்து அட்டையில் குதிரை வரைந்துகொண்டிருந்தது.

"என்ன வேஷம் பாப்பா?"

"எக்வெஸ்ட்ரியன், அங்கிள். குதிரைக்காரங்க. செனட்டருக்கு அடுத்த ரிச் க்ளாஸ். டாக்ஸ் கலெக்ட் பண்ற கான்ட்ராக்ட் எல்லாம் அவங்களுக்குத்தான். நாலு லட்சம் காசு சொத்து வேணும். கோல்ட் ரிங் போடுவாங்க."

"சொத்து கொறஞ்சு போச்சுன்னா?"

"லிஸ்ட்லேருந்து தூக்கிடுவாங்க. ஸ்லேவ்ஸ் ஃப்ரீ ஆனாலும் சேத்துக்க மாட்டாங்க."

"அண்ணே, உங்களுக்குச் சீட்டு இல்ல போல" என்று சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சார் சம்சாரம் அனந்தலக்ஷ்மி அம்மா என் கைமோதிரத்தைப் பார்த்தார். "கவரிங் போட்டா இவளுக்கு விரல் அரிச்சுப் புண்ணாயிடும். என் நகையெல்லாம் சென்னை லாக்கர்ல கெடக்கு. இவர் மோதிரம் சோப்பு போட்டாலும் கழலாது. நீங்கதான் மாவு பிசைய தெனமும் கழட்டுறீங்களே. ஒரே ஒரு நாள்."

"இல்லீங்கம்மா, அது வந்து..."

"நாங்க என்ன தின்னுடவா போறோம்?"

பாக்கி வைத்திருக்கிறவன் என்ன சொல்வது? கொடுத்தேன். நூல் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டது குழந்தை.

மறுநாள் அழுதுகொண்டே வந்தது. கையில் ஒட்டின பெயின்ட்டைக் கழுவும்போது குழாயடியில் நழுவிப் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பைப்பைக் கழற்றிப் பார்த்தார்களாம். கிடைக்கவில்லை. குழந்தையை என்ன சொல்ல முடியும்? "பரவால்ல சாமி" என்றேன்.

வார முடிவில் சார் கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னைக்குத் தங்க ரேட்டுக்கு அந்த மோதிரம் கிட்டத்தட்ட உங்க பாக்கிதான் வருது. மேல கீழ இருந்தா நான் பாத்துக்கறேன். எல்லாத்தையும் தள்ளிட்டேன். இனிமே ஒரு பைசா தர வேணாம்."

"வேண்டாங்க சார். பாக்கி இருக்கட்டுங்க. நான் கட்டிப்போடறனுங்க."

"என்னண்ணே இது? கடன் போச்சுன்னா சந்தோஷம்தானே படணும்? நீங்க ஃப்ரீ!"

"இல்லீங்க, இருக்கட்டுங்க..."

போனைத் திருப்பிக் காட்டினார். என் பேருக்கு நேரே இருந்த தொகையை ஏற்கெனவே அழித்திருந்தார்.