பாவு தாண்டாத விமானம்

புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒற்றை எஞ்சின் விமானம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்கு மேலே நடுவானத்தில் நின்றுவிட்டது. விழவில்லை. எஞ்சின் ஓடியது, முன்விசிறி சுற்றியது, முன்னால் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. கீழே கமலவேணி வீட்டார் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவைத் தெருவில் நீட்டியிருந்தார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, இடுப்பு உயரத்தில், கழிகளின் மேல் அரக்கு நிற இழைகள் விறைப்பாகக் கிடந்தன. நீட்டிய பாவை யாரும் தாண்டுவதில்லை. தண்ணீர் லாரி நிற்கும், ஷேர் ஆட்டோ நிற்கும், மாப்பிள்ளை அழைப்பே வந்தாலும் பேண்டு வாத்தியத்தோடு நிற்கும். விமானமும் நின்றது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புவனேஸ்வரி, கமலவேணியின் மூத்த மகள். மழைக்கு முன்னால் ஏரிகளை மேலிருந்து படமெடுக்கும் அரசுப் பிரிவில் விமானி. வேலை என்னவோ கேட்பதற்குப் பெரிது. செய்வது ஏர் ஓட்டுகிற மாதிரிதான். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் போக வேண்டும். கோடி வந்ததும் திரும்பி, பக்கத்துக் கோட்டில் வர வேண்டும். விமானத்தின் வயிற்றில் இருக்கும் கேமரா தானே படம் எடுத்துக்கொள்ளும். இறக்கை கொஞ்சம் சாய்ந்தால் படம் வீண், கோடு வளைந்தால் படம் வீண், மேகம் வந்தால் எல்லாமே வீண். ஆகவே காலை வெளிச்சம் வேண்டும். பாவு நீட்டவும் அதே காலைதான் வேண்டும், வெயில் ஏறினால் இழை முறுக்கிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் அதே நேரம் தேவைப்பட்டால் அப்புறம் என்ன, இழுபறிதான்.

பாவைச் சுருட்டியதும் விமானம் தானாக நகர்ந்தது. அதற்குள் வானம் மூடிவிட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. வடக்கிலிருந்து வந்து பார்த்தாள், தெற்கே செவிலிமேட்டுப் பக்கமிருந்து வந்து பார்த்தாள், கோபுரங்கள் குங்குமச் சிமிழ் அளவு ஆகும்வரை மேலே ஏறியும் பார்த்தாள். பாவுக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது. அவள் தெருவில் பாவு இல்லாத நாளில் அடுத்த தெருவில் இருந்தது. காஞ்சிபுரத்தில் பாவு இல்லாத காலை எங்கே இருக்கிறது? நிற்கும் நேரத்தில் எரிபொருள் குறையவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ரேடியோவில் மீனம்பாக்கம் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரக்காரர் ஏன் நகரவில்லை என்று கேட்டார். பாவு போட்டிருக்கிறார்கள் என்றாள். அவர் தர்மாவரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. சரி, நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

கீழே இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு வந்து அவளிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். ஐயம்பேட்டையில் ஒரு வரன் இருக்கிறதாம், பையனுக்கு உயரத்தில் பயமில்லையாம். போதாக்குறைக்குத் தம்பி தினகரன் போன் செய்து கத்தினான்.

"யக்கா, உன் விசிறிக் காத்துல இழை அறுந்துக்கினே இருக்குது. கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்பா!"

"தள்ளி நிக்க முடிஞ்சா நான் ஏண்டா இங்க நிக்கிறேன்?" என்று இவளும் கத்தினாள்.

பிரிவின் அதிகாரி சிவராஜ் நல்லவர்தான், பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு நாள் சாயங்காலம், படமெடுக்க அல்ல, வெறும் சோதனைக்கு, அவர் வேறொரு விமானியை அனுப்பிப் பார்த்தார். போபால்காரன். அவன் பிள்ளையார்பாளையத்தைச் சல்லென்று தாண்டிப் போனான். கீழே ஓர் இழைகூட அறவில்லை. அதுதான் புவனாவின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. பாவைத் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதையெல்லாம் அவள் பள்ளிக்கூடத்திலேயே விட்டுத்தொலைத்தவள். ஏரோப்ளேன் சாஸ்திரம் படித்தவள். ஆனால் வண்டிக்கு அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்திருந்தது. "விமானத்துல கோளாறு இல்லம்மா, உங்ககிட்டதான்," என்றார் சிவராஜ். வெள்ளிக்கிழமைக்குள் காஞ்சிபுரத்துக்கு மேலே போகும் நேர்கோட்டை முடிக்காவிட்டால் இருக்கை போபால்காரனுக்கு. அவளுக்கு அலுவலகத்தில் மேஜை. மேஜைக்குப் போனவர்கள் திரும்பப் பறந்ததில்லை. அதை நினைத்து அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமையும் விமானம் நின்றது. தெற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. கீழே அம்மாவும் தம்பியும் தெருக்காரர்களும் ஆளுக்கொரு கழி அருகே நின்று, அறுந்த இழைகளை முடிந்துகொண்டே மேலே பார்த்துத் திட்டினார்கள். புவனாவுக்குப் பொறுமை போயே போய்விட்டது. பக்கவாட்டு ஜன்னலைத் தள்ளி, தலையை வெளியே நீட்டி, அந்தத் தெருவில் பஸ்ஸுக்கு ஓடுகிற எல்லோரும் கத்துவதையே கத்தினாள்.

"பாவைத் தூக்குங்கபா! வேலைக்கு நேரமாவுது!"

அப்படிக் கேட்டால் தூக்க வேண்டும், அதுதான் அந்தத் தெருவின் வழக்கம். நீட்டிய பாவைத் தாண்டத்தான் கூடாது. தூக்கிப் பிடித்தால் அடியில் குனிந்து யார் வேண்டுமானாலும் போகலாம். ஆகவே தெருக்காரர்கள் யோசிக்காமல் கழிகளைத் தூக்கினார்கள். கழுத்து உயரம் போதவில்லை, இன்னும் தூக்கினார்கள். பாவு மின்கம்பியைத் தாண்டியது, மொட்டை மாடிகளைத் தாண்டியது, தென்னைகளைத் தாண்டியது. பாவை நடுவில் கைவிடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லாததால் பிடித்திருந்தவர்களும் கூடவே போனார்கள். கோபுரக் கலசத்துக்கு மேலே, மேகத்துக்குக் கீழே, அரக்குப் பாவு வானத்தில் விறைப்பாக நின்றது. தினகரனின் ஒரு செருப்பு கழன்று யார் வீட்டு ஓட்டிலோ விழுந்தது. "சீக்கிரம் போக்கா, கை நோவுது," என்றான்.

விமானம் நகர்ந்தது. புவனா இறக்கையைச் சாய்க்கவில்லை, கோட்டை வளைக்கவில்லை. பாவுக்கு அடியில் புகும்போது தலையை மட்டும் குனிந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், கமலவேணி கழியைப் பிடித்தபடி வானத்தில் நின்றிருந்தாள். மகள் வேலை செய்வதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆள் அடங்காத அந்த இருக்கையையும், விசைகளையும், மகளின் வியர்த்த முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தினூண்டு வண்டியாடி? இதையா ஒண்டியா ஓட்டிக்கினு கெடக்குற?" என்றாள். கையை எடுத்தால் பாவு தொய்ந்துவிடும் என்பதால் கண்ணைத் துடைக்கவில்லை.

கோடு முடிந்தது, மழையும் வந்தது. அடுத்த வருடங்களில் புரட்டாசி முழுக்கப் பிள்ளையார்பாளையத்தில் பாவை மேலேதான் நீட்டினார்கள். காக்கைத் தொல்லை அதிகம், இழை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். போபால்காரன் இன்னொரு முறை வந்தான். வானத்தில் குறுக்கே கிடந்த பாவைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டான். அந்தக் கோட்டுக்கு வேறு விமானியைப் போட முடியாது என்று சிவராஜ் மேலிடத்தில் சொன்னார், மேலிடமும் ஏன் என்று கேட்கவில்லை. புவனேஸ்வரி இப்போதும் அங்கே வரும்போது ஜன்னலைத் தள்ளிக் கத்துகிறாள். தூக்குகிறவர்கள் திட்டிக்கொண்டே தூக்குகிறார்கள். இவளும் திட்டிக்கொண்டே குனிந்து போகிறாள்.